மாயக்காளும் மருந்து மிஷினும்

ஊர் வம்பெல்லாம் மாயக்காள் வாயில் என்கிறார்களே, அது பொய். அவள் மனிதரிடம் வம்பு பேசி நான் பார்த்ததில்லை. எருமையிடம்தான் பேசுவாள். அதுவும் பால் கறக்கிற நேரத்தில் மட்டும். நான் எதிர்வீட்டுக்காரி. இருபது வருஷமாக அந்தத் தொழுவத்தைப் பார்த்துக்கொண்டே பல் விளக்குகிறவள். எங்கள் ஊர் கோம்பையில் வேறு எவரும் இதில் எனக்குச் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

எருமைக்குப் பெயர் வெள்ளையம்மா. அடுப்புக்கரியைக் கரைத்து ஊற்றிய நிறம். ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால், "கருப்பாயின்னு கூப்பிட்டா அதுக்கு மனசு நோகாதா?" என்பாள். மாயக்காள் அப்படித்தான். கோழிக்குக்கூட முதுகைக் காட்டி உட்கார மாட்டாள்.

வெள்ளையம்மாவின் கன்று பிறந்த வாரமே செத்துப்போனது. கன்று முட்டாத எருமை லேசில் மடி இறக்காது. பாலை உள்ளே அடக்கிக்கொண்டு, கறக்க உட்கார்ந்தவளைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். மாயக்காள் மூன்று நாள் மடியை நீவிப் பார்த்தாள், முதுகைச் சொறிந்து பார்த்தாள். நாலாம் நாள் அலுத்துப்போய், எண்ணெய்க்கடைக்காரர் மகளுக்கு மாப்பிள்ளை தட்டிப்போன கதையை அதன் வயிற்றில் தலையைச் சாய்த்தபடி முணுமுணுத்தாள். எருமை காதை மடக்கிக் கேட்டது. கதை முடிவதற்குள் செம்பு நிறைந்துவிட்டது. அன்று பிடித்த பழக்கம். சொன்ன கதையையே திரும்பச் சொன்னால் கால் செம்பு குறைகிறது என்று சத்தியம் செய்கிறாள். அதனால்தான் குழாயடியிலும் ரேஷன் கடையிலும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். புதுக்கதைக்கு அவள் எங்கே போவாள், பாவம்?

அந்தப் பால் டீ போடக் கிளப்புக்கடைக்குப் போகிறது. வீட்டில் அடுப்பு எரிவது அதில்தான். அவள் புருஷன் ராக்கையாவுக்கு எருமைமேல் எப்போதும் ஒரு கண். "மடி வத்துச்சுன்னா மறுநாளே யாவாரிக்குத்தான்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பான். வற்றிய எருமை கம்பம்மெட்டு ஏறி அறுப்புக்குப் போனால் திரும்பி வராது என்று எங்களுக்கெல்லாம் தெரியும்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாயக்காளின் பக்கத்து வீட்டுப் பொன்னுராஜ் மேகமலை எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு, அங்கே கழித்துப்போட்ட மருந்தடிக்கிற மிஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு இறங்கினான். முதுகில் மாட்டிக்கொள்கிற மிஷின். கயிற்றை இழுத்தால் உறுமும். திராட்சைத் தோட்டம், எலுமிச்சைத் தோட்டம் என்று வாடகைக்கு அடிக்கப் போவான். போவதற்கு முன், விடியும்போது, கொல்லையில் தன் கொடிப்பந்தலுக்கு அடித்துப் பார்ப்பான். மருந்து இல்லாத நாளில் வெறும் காற்றையாவது அடிப்பான். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்புயரச் சுவர் ஒன்றுதான்.

முதல் நாள் வெள்ளையம்மா உதைத்த உதையில் செம்பு வேப்பமரத்தடிவரை உருண்டது. கொஞ்சம் வெயில் ஏறியபின் கிளப்பக் கூடாதா என்று மாயக்காள் நயமாகத்தான் கேட்டாள். வெயில் ஏறினால் மேற்கிலிருந்து காற்று கிளம்பிவிடும், மருந்து இலையில் நிற்காது என்றான். அதுவும் நியாயம்தான். பிறகு சொன்னான்: "மிஷினு நம்மூரு நாய் மாதிரிக்கா. காலையில அவுத்து விடலைன்னா நாள் பூராச் சண்டித்தனம் பண்ணும்."

எருமைக் காதில் எண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்தாள். அது தலையை உதறி, பஞ்சு ராக்கையாவின் கஞ்சியில் விழுந்தது. பஞ்சு வைத்தால் கதையும் கேட்காது என்று அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. பிறகு மிஷினுக்கு மேல் சத்தம் போட்டுக் கதை சொல்ல ஆரம்பித்தாள். நாலைந்து நாள் அது பலித்தது. ஆறாம் நாள், அவள் உச்சக்குரலில் இருக்கும்போது மிஷினுக்கு எண்ணெய் தீர்ந்து சட்டென்று நின்றுவிட்டது. தெரு முழுக்கக் கேட்டது ஒரே குரல்: "தலைவரு சம்சாரம் விரதத்தன்னிக்கு முட்டை அவிச்சுத் திங்கிறாக!"

நடந்தது இவ்வளவுதான். பேசினது மாயக்காள், ஊருக்குச் சொன்னது பொன்னுராஜின் மிஷின். பழி மட்டும் இவள் தலையில்.

மறுநாளே தெருவில் பத்துப் பெண்களிடம் கைநாட்டு வாங்கி, நானும் ஒன்று வைத்தேன், மிஷினை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கிளப்பச் சொல்லி மனுக் கொடுத்தாள். யாரிடம்? பஞ்சாயத்துத் தலைவர் சங்கரலிங்கத்திடம். முட்டை தின்ற வீட்டுக்காரரிடம். மனு எந்த மூலையில் தூங்கியதோ, மூன்று மாதம் தகவல் இல்லை.

அதற்குள் எருமை வற்றிவிடுமே? மாயக்காள் யோசித்தாள். சத்தத்தை நிறுத்த முடியாது. சரி, எருமையைச் சத்தத்துக்குப் பழக்குவோம் என்று இறங்கினாள். ஊறவைத்த பருத்திக்கொட்டைச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு தொழுவத்தில் காத்திருப்பாள். பொன்னுராஜ் கயிற்றை இழுத்து மிஷின் உறுமிய பிறகுதான் சட்டியை எருமை முன்னால் நகர்த்துவாள். சத்தம் நின்றால் சட்டியையும் இழுத்துக்கொள்வாள். மிஷினுக்குப் படையல் போடுகிறாள் என்று தெரு சிரித்தது. ஆவணி கடைசியில் பார்த்தால், மிஷின் உறுமினதும் வெள்ளையம்மா கண்ணை மூடி அசைபோட, பால் சொய் சொய்யென்று இறங்குகிறது. கதைகூட வேண்டியிருக்கவில்லை. அதில்தான் மாயக்காளுக்குக் கொஞ்சம் வருத்தம். "இத்தனை மாசமாப் பேசுனேன், நன்றி இருக்கா பாருங்க" என்றாள் என்னிடம்.

ஐப்பசியில் தலைவர் வீட்டில் பேரன் பிறந்தான். விடியவிடிய அழுது, விடிகிற நேரத்தில் தூங்குகிற பிள்ளை. இரண்டே நாளில் மனு விழித்துக்கொண்டது. இனி ஊருக்குள் மிஷின் கிளப்பக் கூடாது, வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் என்று தலைவர் ஆளனுப்பிச் சொல்லிவிட்டார். பொன்னுராஜ் முறைக்கவில்லை. சுவர் வழியாக எட்டிப் பார்த்து, "உங்க இஷ்டப்படியே ஆச்சுக்கா, இனி நிம்மதியாக் கறங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். தெருப் பெண்கள் மாயக்காளைக் கட்டிக்கொள்ளாத குறை. அவள் யாரிடம் என்னவென்று சொல்வாள்?

முதல் நாள் ஒரு சொட்டு இறங்கவில்லை. முட்டைக் கதையிலிருந்து எல்லாக் கதையும் சொல்லிப் பார்த்தாள். எருமை சுவரையே பார்த்துக்கொண்டு நின்றது. பாலத்துக்கு அப்பாலிருந்து மிஷின் சத்தம் கொசு ரீங்காரம்போலத்தான் வந்தது. அது அதற்குப் போதவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. கிளப்புக்கடையிலிருந்து ஆள் வந்து வெறும் தூக்குப்போணியோடு திரும்பினான். ராக்கையா உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தான். நாளைக்கு வியாபாரியைக் கூட்டிவருவதாகச் சொன்னான்.

மூன்றாம் நாள் விடிகிறபோது மாயக்காள் வாசல் கதவைத் திறந்து வெளியே வந்தாள். ஒரு கையில் செம்பு, இன்னொரு கையில் வெள்ளையம்மாவின் கயிறு.

"ஏத்தா, எருமையக் கூட்டிக்கிட்டு எங்கன?" என்றேன்.

"மிஷின் எங்கன இருக்கோ அங்கன" என்றாள், நிற்காமல்.

வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு நின்றார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நானும் பின்னாலேயே போனேன். கடைசி வீட்டுக்குப் பக்கத்தில் போகும்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் பொன்னுராஜ் கயிற்றை இழுத்தான். மிஷின் உறுமியது. வெள்ளையம்மா நடுத்தெருவில் நின்றது. கண்ணை மூடியது. அசைபோட ஆரம்பித்தது. பாலம்வரை போகவெல்லாம் அதற்குப் பொறுமையில்லை.

கடைசி வீடு தலைவர் வீடு. பாலம் அங்கிருந்து தள்ளித்தான், பிள்ளை தூக்கம் கெடாத தூரம். வாசலில் அவர் சம்சாரம் பேரனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றார்கள். மாயக்காள் அவர்களை நிமிர்ந்து ஒரு முறை பார்த்தாள். பிறகு சேலையை முழங்காலுக்கு மேல் வாரிச் செருகிக்கொண்டு, அந்த வாசலுக்கு நேரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செம்பை மடிக்கடியில் நகர்த்தினாள்.