பேசாமல் உட்காரும் வேலை

எங்கள் தொழிற்சாலையில் ஒரு சனிக்கிழமை எல்லோரையும் சாப்பாட்டுக் கெண்டினில் உட்கார வைத்து வகுப்பு நடத்தினார்கள். சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மரச்சாமான் தொழிற்சாலை அது. நாற்காலிகளை அட்டைப் பெட்டியில் அடைக்கும் பிரிவில் எனக்கு வேலை. வகுப்பெடுக்க ஜொகூர் பாருவிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கையில் மைக், காலில் ஓயாத நடை. ஒவ்வொருவரும் எழுந்து தன் பலம் எது என்று சொல்ல வேண்டுமாம். சொன்னால் அதை வேலையிலும் வீட்டிலும் எப்படிப் பயன்படுத்துவது என்று அவர் காட்டித் தருவாராம்.

ஒருவர் வேகம் என்றார். ஒருவர் பொறுமை என்றார். அவர் போன வாரம்தான் அட்டைப் பெட்டியை எட்டி உதைத்தவர். என் முறை வந்தது. எழுந்து நின்றேன். மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டிவிட்டு அந்த அம்மா சிரித்த முகத்தோடு காத்திருந்தார். மின்விசிறி சுற்றும் சத்தம் நன்றாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு களைத்துப் போனது.

பின்னால் இருந்து, லாரியில் பெட்டி ஏற்றுபவர் சொன்னார்: “ஒக்காருங்கண்ணே, அந்தம்மா பயந்துடப் போறாங்க.”

உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போய் உங்களை நன்றாகத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள் என்று அந்த அம்மா மலாயில் சொல்லி அனுப்பினார்.

என்னை நன்றாகத் தெரிந்தவள் என் மனைவி. அவளிடம் கேட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“உங்க பலமா?” என்று திரும்பிப் பார்த்தாள். “சாப்பிட்ட தட்ட நீங்களே கழுவி வைப்பீங்க.”

“அது பழக்கம். பலம் என்னன்னு கேட்டேன்.”

“அப்ப கொஞ்சம் டைம் குடுங்க. மீன முடிச்சிட்டு யோசிக்கிறேன்.”

மீன் முடிந்தது, குழம்பு கொதித்தது, சாப்பிட்டோம், தட்டைக் கழுவினேன். அவள் யோசித்து முடித்ததாகத் தெரியவில்லை.

நான் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். அதனால் கூச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒன்றாம் வகுப்பில் சேரும்போதே கூச்சத்தோடுதான் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கடைசிவரை மாறாமல் இருந்தது அது ஒன்றுதான். கடையில் மீதிச் சில்லறை குறைந்தாலும் கேட்க மாட்டேன். பஸ்ஸில் இறங்கும் இடம் தாண்டிப் போனாலும் மணியை அடிக்க யாராவது வருவார்களா என்று பார்ப்பேன்.

ஆனால் ஒரு விசித்திரம். சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒருவர் என் மேசைக்கு வந்துவிடுவார். சூப்பர்வைசர் வந்து மேனேஜரைப் பற்றிக் குறை சொல்வார். அவர் போனதும் கிளார்க் வந்து சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்வாள். புதிதாக வந்த நேப்பாளத்துப் பையன் ஒருவன் ஒரு முழு மத்தியான வேளை அவனுடைய பாஷையிலேயே என்னிடம் பேசினான். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. தலையை ஆட்டினேன். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். என்ன விஷயத்துக்கு நான் தலையாட்டினேன் என்பது இன்றுவரை தெரியாது. ஏதும் விபரீதமாக இருக்காது என்று நம்புகிறேன்.

இதையெல்லாம் யாரும் பலம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் சும்மா உட்கார்ந்திருப்பதுதானே.

அந்தச் சமயத்தில்தான் ரெங்கத்தில் இருக்கும் என் அக்கா கூப்பிட்டாள். அவள் மகளை உறுதி பேச மாப்பிள்ளை வீட்டார் பெக்கோக்கிலிருந்து வருகிறார்கள். அக்காவின் கணவர் தவறிப் போய் வருடங்கள் ஆகின்றன. அப்பா இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன் வாயால்தான் வரவேற்பும் சம்மதமும் வரவேண்டும். அது எங்கள் வழக்கம்.

“தம்பி, ஒரு நாளைக்கு மட்டும் வாயத் தொறந்துடுய்யா” என்றாள் அக்கா. பாதி சிரிப்பு, பாதி பயம்.

அந்தப் பெண் எனக்குத் தனியாகப் போன் செய்தாள். ஜொகூர் பாருவில் தோழிகளோடு வாடகை வீட்டில் தங்கி, தினமும் விடிவதற்கு முன் பாலம் கடந்து, சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். வேலை பார்த்துக்கொண்டே படித்து அந்த இடத்துக்கு வந்தவள். பையனும் அந்தப் பக்கம்தான் வேலை. பஸ் வரிசையில் நின்று நின்று ஏற்பட்ட பழக்கம்.

“மாமா, அவங்க சித்தப்பா கல்யாணத்துக்கப்புறம் நான் வேலைய விட்டுட்டு பெக்கோக்ல வந்து இருக்கணும்னு சொல்றாராம். என்னால வேலைய விட முடியாது. அவரையும் விட முடியாது. நீங்கதான் பாத்துக்கணும்.”

“ம்” என்றேன்.

“இந்த ‘ம்’ போதாது மாமா.”

“சரி” என்றேன். எனக்கு அது பெரிய முன்னேற்றம்.

என் மனைவி பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். “பேசறதெல்லாம் நான் பேசிக்கிறேன். நீங்க ரெண்டே ரெண்டு சொன்னா போதும். அவங்க வந்ததும், ‘வாங்க, ஒக்காருங்க, ரொம்ப சந்தோஷம்.’ எல்லாம் பேசி முடிஞ்சதும் நான் உங்க கால மிதிப்பேன். அப்ப, ‘நல்லது, எங்களுக்கு முழு சம்மதம்.’ அவ்வளவுதான்.”

குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். பெட்டி அடைக்கும்போது சொல்லிப் பார்த்ததை லாரி ஏற்றுபவர் கேட்டுவிட்டு, “யாருக்குண்ணே சம்மதம்?” என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் தாமான் குடியிருப்பு வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. முதலில் சித்தப்பா இறங்கினார். பெரிய உடம்பு, பெரிய குரல். அவருக்குப் பின்னால் பையனும், பழத்தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பையனின் அப்பாவும். நான் கேட்டைத் திறந்தேன். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். கும்பிட்டேன். உரக்கச் சொன்னேன்:

“நல்லது, எங்களுக்கு முழு சம்மதம்.”

இன்னும் யாரும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அலமாக்!” என்று சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “சம்பந்தி ரொம்ப அவசரத்துல இருக்காரு போல! அப்ப நாங்க தட்ட குடுத்துட்டு இப்படியே கிளம்பிறலாமா?”

என் மனைவி முந்திக்கொண்டாள். “அவரு எதையும் சுருக்கமா முடிச்சிடுவாருண்ணே. உள்ள வாங்க, நீளமா நாங்க பேசலாம்.” போகிற போக்கில் என் காலையும் மிதித்தாள். சொல்ல வேண்டியதைத்தான் நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேனே.

எல்லோரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். பையனின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, தனக்கே நடந்தது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

முறுக்கும் தேநீரும் வந்தன. சித்தப்பா கதைகள் சொன்னார். என் மனைவி பதில் கதைகள் சொன்னாள். எல்லாம் நன்றாகத்தான் போனது, வேலை என்ற பேச்சு வரும்வரை.

“எங்க குடும்பத்துல ஒரு வழக்கம்” என்றார் சித்தப்பா. “எங்கண்ணி போனதுக்கப்புறம் அண்ணன் ஆட்ட வச்சிக்கிட்டு அந்த வீட்ல தனியா இருக்காரு. மருமக வந்தா வீட்லயே இருந்து அவர பாத்துக்கணும். சிங்கப்பூரு கிங்கப்பூரெல்லாம் அதோட முடிஞ்சிடணும்.”

“படிச்ச படிப்பு என்னாறதுண்ணே?”

“படிப்பு எங்க ஓடிப் போவுது? பெக்கோக்குக்கும் கூடத்தான் வரும்.”

“பெக்கோக்குக்கு வந்து அது என்ன பண்ணும்? ஆட்டுக்கு ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணுமா?”

அதற்குப் பிறகு இரண்டு பேருடைய குரலும் ஏறியது. சிரித்துக்கொண்டே பேசினார்கள், ஆனால் அது பல் தெரிகிற சிரிப்பு. பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்; “பெரியவங்க பேசறப்ப நீ சும்மா இருடா” என்று சித்தப்பா அடக்கினார். அக்கா முறுக்குத் தட்டை இங்கும் அங்குமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். சமையலறைத் திரைக்குப் பக்கத்தில் அந்தப் பெண் நின்று என்னையே பார்த்தாள்.

பையனின் அப்பா எழுந்தார். “டயர பாத்துட்டு வரேன்” என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு வெளியே போனார். அது எனக்கு மிகவும் தெரிந்த காரணம். நானும் எழுந்து போனேன்.

கேட்டுக்கு வெளியே அவர் குனிந்து கார் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று இருந்தது. நானும் பார்த்தேன். இருந்தது. அடுத்த டயருக்குப் போனோம். அதிலும் இருந்தது. நான்கையும் பார்த்து முடித்ததும் செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் வாசல் சிமெண்டுப் படியில் உட்கார்ந்தோம். எதிர்வீட்டு நாய் எங்களைப் பார்த்து ஒருமுறை குரைத்துவிட்டு, பதில் வராததால் படுத்துக்கொண்டது.

வேறு யாராவதாக இருந்தால் அந்த நேரத்தில் அவருக்கு ஆறுதல் சொல்லியிருப்பார்கள், அல்லது அவருடைய மனத்தை மாற்றப் பார்த்திருப்பார்கள். என்னிடம் அந்த வசதியெல்லாம் இல்லை. உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மனைவியின் குரல் கேட்டது. பிறகு சித்தப்பாவின் குரல். பிறகு இரண்டும் சேர்ந்து.

ரொம்ப நேரம் கழித்து அவர் மெல்லச் சொன்னார்: “நான் எஸ்டேட்டுல டிராக்டர் ஓட்டுனவன்ங்க.”

“ம்.”

“டிராக்டர் சத்தத்துல யாரும் பேச மாட்டாங்க. அது எனக்கு ரொம்ப புடிக்கும்.”

“ம்.”

“இப்ப ஆடு வச்சிருக்கேன். காலையில அவுத்து வுடுவேன். சோறு நானே பொங்கிக்குவேன். நல்லாதான் இருக்கு.”

அவர் கையிலிருந்த கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

“நல்ல புள்ளதாங்க உங்க பொண்ணு. ஆனா நாள் பூரா வீட்லயே இருந்தா…” என்று நிறுத்தினார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினார். “நான் அதுகிட்ட என்னங்க பேசறது?”

அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்று அந்த வீட்டில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். காலையில் எழுந்தால் ஒரு பேச்சு. தேநீருக்கு ஒரு பேச்சு. மழை வந்தால் மழை வருகிறது என்று ஒரு பேச்சு. அந்த மனிதர் தன் சொந்த வீட்டைவிட்டு ஆட்டுக் கொட்டகையில் குடியிருக்க வேண்டியதுதான்.

“தம்பிகிட்ட சொல்லலயா?” என்று கேட்டேன்.

“அவன் எங்க கேட்டான்?”

அது நியாயம். அவருக்காக அவ்வளவு பேர் பேசினார்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கும் அப்படித்தான் நடக்கும். பேசாதவனுக்கு எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று வைத்துக்கொள்வார்கள்.

உள்ளே போனோம். பேச்சு இப்போது ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்கும் கட்டத்துக்கு வந்திருந்தது. திரைக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. நான் உட்காரவில்லை.

“சம்பந்திய கேளுங்க” என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. என் மனைவி பேச்சைப் பாதியில் நிறுத்தி வாயைத் திறந்தபடி பார்த்தாள். அக்கா கையிலிருந்த முறுக்குத் தட்டு அப்படியே நின்றது. சித்தப்பா மட்டும் சமாளித்துக்கொண்டார்.

“எங்கண்ணன்கிட்ட என்ன கேக்கறது சம்பந்தி? நான் சொன்னா அவரு சொன்ன மாதிரிதான்.”

“இல்ல. அவர கேளுங்க” என்றேன். அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. நல்லவேளை, தேவைப்படவும் இல்லை. தினமும் பேசுகிறவன் சொன்னால் இன்னொரு பேச்சாகப் போயிருக்கும். ஊமை என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தவன் சொன்னதால் எல்லோரும் அடங்கிவிட்டார்கள். எல்லோரும் பையனின் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் காது சிவந்தது. என்னைப் பார்த்தார். நான் எதுவும் செய்யவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

“புள்ள வேலைக்குப் போவட்டும்” என்றார்.

“அண்ணே! அப்ப உங்கள யாரு பாத்துக்கறது?”

“என்னைய பாக்க வேணாம்” என்றார் அவர். பிறகு ஒரு வேகம் வந்துவிட்டது. “சனிக்கெழம ரெண்டு பேரும் வரட்டும். ஆட்டுக்கறி செய்வேன். சாப்பிட்டுட்டு, ஞாயித்துக்கெழம போயிடணும்.”

“போயிடணுமா?”

“போயிடணும்” என்றார் உறுதியாக.

திரைக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்து முடியாமல் அந்தப் பெண் முகத்தைத் திரையிலேயே புதைத்துக்கொண்டாள். பிறகு பையன் சிரித்தான். என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சித்தப்பா கொஞ்ச நேரம் கோபத்திலேயே இருக்கப் பார்த்தார், அவருக்கும் முடியவில்லை. “இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் எதுக்குண்ணே தொண்டைய கிழிச்சிக்கிட்டேன்?” என்றார்.

தட்டு மாற்றும் நேரம் வந்தபோது என் மனைவி என் காலை மிதிக்கவில்லை. “அவரு வாசல்லயே சொல்லிட்டாரு, இனி ரெண்டாவது தடவ எதுக்கு?” என்றாள்.

இப்போது சொந்தக்காரர்கள் என்னைப் பேச்சுவார்த்தைகளுக்கு அழைக்கிறார்கள். என் மனைவியிடம்தான் கேட்பார்கள்: “அண்ணன கூட்டிட்டு வாங்க, சும்மா வந்து ஒக்காரட்டும்.” கூப்பிடுகிறவர்களில் சிலருக்கு நான் ஏதோ ஆழமாக யோசித்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைப்பு. பெரும்பாலும் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்றுதான் யோசிப்பேன். ஆனால் நான் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்கிறார் என்பதை மட்டும் இப்போது கவனிக்கிறேன். முன்பு அவர் எப்போது எழுந்து போவார் என்று பார்ப்பேன். இப்போது கொஞ்சம் தள்ளி இடம் விடுகிறேன்.

சம்பந்தி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் செய்கிறார், பிள்ளைகள் கிளம்பிப் போன பிறகு. போன வாரமும் செய்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஆடு கத்துவது கேட்டது. இந்தப் பக்கம் எங்கள் தெருவில் ஐஸ்கிரீம்காரரின் மோட்டார் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனதை அவர் கேட்டிருப்பார்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். “யாருங்க?”

“சம்பந்தி.”

“என்னா சொல்றாரு?”

“இன்னும் ஒன்னும் சொல்லல.”

அவள் உள்ளே போய் அரிசி களைந்து, அடுப்பில் வைத்து, துணி மடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். நான் அப்படியே இருந்தேன்.

“இன்னுமா வைக்கல?”

போனைக் கையால் மூடிக்கொண்டு சொன்னேன்: “இரு, பேசிக்கிட்டு இருக்கோம்.”