வாசல்வீட்டுச் சீதனம்

வெள்ளைக்காரத் துரை ஒருவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். எங்கள் பெரியவாப்பா அதை வேதவாக்காக நம்பினார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

பெரியவாப்பா முகைதீன்பாவா, என் உம்மாவின் மூத்த சகோதரி ஸாலிஹாவின் கணவர். ஏறாவூருக்கு அப்பால், வாவிக் கரையில் இருந்த தென்னந்தோட்டத்தின் வாசல் காவல்காரர். இரும்புக் கதவுக்குப் பக்கத்திலேயே காவலுக்கென்று கட்டிய கல்வீடு; ஓட்டுக் கூரை, முன்னால் உருண்டைத் தூண்கள். சாவியைக் கொடுத்த அன்று துரை, "பாவா, இது உன்ட வீடு" என்றாராம். அவ்வளவுதான், மனிதருக்குக் கால் தரையில் படவில்லை. பெருநாளுக்குப் பெருநாள் தன் கைக்காசில் சுண்ணாம்பு அடித்தார்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீடில்லாத பெண்ணுக்குக் கலியாணமில்லை. பெண் பிறந்ததுமே கல் சேர்க்கத் தொடங்குவார்கள். மகள் ஹிதாயா பிறந்தபோது பெரியும்மா ஸாலிஹா கெஞ்சினார். ஏறாவூரில் அவருக்குத் தாய்வழியில் வந்த வீட்டுமனை, ஒரு வளவு, இருந்தது. அதில் ஒரு மண்வீடாவது கட்டுவோம் என்றார்.

"இரவல் சீலைய நம்பி இடுப்புச் சீலைய எறியிறதா? துரை பேச்சுக்குச் சொன்னது."

"ஓட்டு வீட்டில பொறந்த புள்ள ஓலைக் கிடுகுக் குடிலுக்குப் போறதா? வாய மூடு ஸாலிஹா!"

என் உம்மா நபீஸாவுக்குக் கலியாணம் வந்தபோது, அந்த வளவையும் உம்மாவுக்கே எழுதிக்கொடுக்கச் சொல்லிவிட்டார் பெரியவாப்பா, புண்ணியவான். நான் பிறந்தது அந்த மண்ணில்தான்.

ஹிதாயாவுக்குக் காத்தான்குடிப் புடவை வியாபாரி றவூபைப் பேசி வந்தார்கள். அவரது தாயார் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"வீடு புள்ளைக்குத்தானே?"

"வேற ஆருக்கு? துரையே தந்தது."

அவர் பொய் சொல்லவில்லை, பாவம். கலியாணம் முடிந்ததும் வழக்கப்படி இளசுகளுக்கு வீட்டை விட்டுவிட்டு, கிழவனும் கிழவியும் பின்பக்கத்து அடுப்படிக் குசினிக்கு ஒதுங்கினார்கள்.

உலக யுத்தம் தொடங்கியதும் துரை தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறினார். போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புதிய முதலாளி ஒரே பேச்சாகச் சொன்னார்: வீடு காவலுக்குரியது, கதவு திறப்பவர் இருக்கலாம், இல்லாவிட்டால் காலி செய்யலாம். அதற்குள் பெரியவாப்பாவுக்கு வாதம் வந்து ஒரு கால் விழுந்திருந்தது. மருமகனைப் பார்த்தார்.

"கதவு திறக்கவா நான் கலியாணம் முடிச்ச?" என்று றவூப் புடவைப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு பெருநாளுக்கு மட்டும் வந்தார். அப்புறம் அதுவும் இல்லை.

ஹிதாயா கத்தவில்லை. "வாப்பா, நீங்க எனக்கு வீடா தந்தீங்க? வேலையத்தானே தந்தீங்க" என்றாள். கதவுச் சாவியை அவளே எடுத்துக்கொண்டாள். பெரியவாப்பா வெட்கத்தில் சொந்தக்காரர் எவர் முகத்திலும் விழிக்கவில்லை.

அவளுக்குக் குழந்தை பிறந்ததும் உம்மாவும் நானும் பார்க்கப் போனோம். பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே லொறி வந்து நின்றது.

"ஏய், கதவு!"

"வாறன்!" என்றார் பெரியவாப்பா, பழக்கத்தில். உடம்பு எழும்பவில்லை. ஹிதாயா பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையை அவர் மடியில் போட்டுவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடினாள். அதுவும் பெண் குழந்தைதான். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நபீஸா, உன்ட வளவில இதுக்கு ஒரு துண்டு தருவியா?"

"என்ன மச்சான் கேக்கிறீங்க? அது உங்கட வளவுதானே!"

பெரியவாப்பா இல்லையென்று தலையை ஆட்டினார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது.

"பேச்சுக்குச் சொல்லாத, நபீஸா. வேலியப் போட்டுத் தா."