பனங்களியில் தோய்த்த சேலை

போரில் இடம்பெயர்ந்து வந்து மல்லாவியில் மண்சுவர் வைத்து, கிடுகு வேய்ந்து குடியிருந்தோம். எங்கள் பக்கத்துக்குச் சவர்க்காரம் கொண்டுவர அரசாங்கம் தடை போட்டிருந்தது. பனம்பழத்தைப் பிசைந்து, அந்தக் களியில்தான் உடுப்புத் தோய்த்தோம். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும்.

நிவாரண வேலையாக வந்த வெளிநாட்டுக்காரர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார்.

"சூழலைக் கெடுக்காத வாழ்க்கையாம் அக்கா. மெச்சுறார்," என்றார் மொழிபெயர்க்க வந்தவர்.

ஒரு கட்டிச் சவர்க்காரம் கிடைத்தால் அன்றே அந்த வாழ்க்கையை விட்டுவிடுவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வேலியில் காய்ந்த என் ஒரே நல்ல சேலையைப் பக்கத்து வீட்டு மாடு சப்புவதைக் கண்டேன். பனம்பழ வாசம் அதை இழுத்திருக்கிறது. முந்தானையே போய்விட்டது.

மாட்டுக்காரி ஓடிவந்து பார்த்தாள். திரும்பிப்போய், தன்னிடமிருந்த இரண்டு சேலைகளில் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"கோவிக்காதேங்கோ அக்கா. அதுக்கும் பசி."

கோபப்படவும் எனக்குத் தெம்பில்லை. வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சேலையையும் பனங்களியில்தான் தோய்த்தேன். காயும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தேன்.