பதினொரு நாள் தவணை

பாரந்தூக்கியின் கம்பிக்கயிறு அறுந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். துறைமுகத்தில் ஒரு கம்பனிக்குக் கப்பலிலிருந்து இறங்கும் மூடைகளை எண்ணிக் குறிப்பது என் வேலை. கோதுமை மாமூடைக் கட்டு அப்படியே கீழே நின்ற, கிண்ணியா ஊர்த் தொழிலாளி ஒருவரின் வலக்காலில் விழுந்தது. ஆசுபத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கயிறு நைந்து கிடக்கிறது என்று இரண்டு நாளுக்கு முதல் எங்களை மேற்பார்க்கும் ஓவசியரிடம் நான் சொல்லியிருந்தேன். "ஓம், பாப்பம்" என்றிருந்தார். விபத்துக்குப் பிறகு அதைப்பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

பல மாதம் கழித்து ஒரு பின்னேரம், அந்தத் தொழிலாளியின் மனைவி உப்புவெளியில் என் வீட்டுப் படலையடியில் வந்து நின்றார். கையில், அரசாங்கக் கச்சேரியடியில் பெட்டிசன் எழுதுபவர் எழுதிக்கொடுத்த விண்ணப்பம். கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"நாங்க பாத்துக்கொள்ளுவம் எண்டு கம்பனி சொன்னதை நம்பி இருந்திட்டம் தம்பி. இப்ப அவர் கட்டுக்குக் கீழ நிண்டதுதான் பிழையாம். நட்டஈடு கேக்கச் சட்டத்தில ஒரு தவணை இருக்காம். அது முடிய இன்னும் பதினொரு நாள்தான். கண்டவர் ஒருத்தர் சாட்சிக்கு வேணுமாம்."

"நான் அப்ப மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டனான் அக்கா."

அவர் விண்ணப்பத்தை மடித்தார். "அண்டைக்கு நீங்க போட்டிருந்த சேட்டெல்லாம் அவரிட ரத்தம் எண்டு அவர் சொன்னாரே" என்றுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாளே, அவர் வந்துபோனது காதுக்கு எட்டியதோ என்னவோ, ஓவசியர் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார். அதுவரை வாங்கித் தந்ததில்லை. "உமக்குப் பிள்ளை எத்தனை?" என்று கேட்டார். அவருக்கு அது நன்றாகத் தெரியும். வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி விடாமல் கேட்கவே கடைசியில் சொன்னேன்.

"வேலை போனா என்ன செய்யிறது?" என்றேன்.

"அந்தக் கட்டு உங்கட காலில விழுந்திருந்தா நான் ஆரிட்டப் போய் நிண்டிருப்பன்?" என்றாள்.

ஒன்பதாம் நாள் கச்சேரியடிக்குப் போனேன். கண்டதைச் சொல்லி எழுதுவித்து, சாட்சியாகக் கையெழுத்து வைத்தேன். தபாலில் போட்டால் பிந்திவிடும் என்று பெட்டிசன்காரர் தானே நட்டஈட்டுக் கந்தோருக்குக் கொண்டுபோய், பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிவந்தார்.

விசாரணையன்று தொழிலாளி கோலூன்றி வந்தார். நான் சாட்சி சொல்ல எழுந்து நின்றேன்.

"கயிறு பழுது எண்டு எழுத்தில குடுத்தனீரா?" கம்பனி வழக்கறிஞர் கேட்டார்.

"இல்லை. வாயால சொன்னனான்."

"ஆரிட்ட?"

ஓவசியர் முன்வரிசையில் இருந்தார். "அந்தா, அவரிட்ட."

விசாரித்த அதிகாரி ஓவசியரிடம் திரும்பினார். "சொன்னவரா?"

இல்லை என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். அவருடைய கழுத்தால் வியர்வை வழிந்தது. என்னைப்போலவே அவரும் பயந்துபோயிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஓம்" என்றார், மிக மெதுவாக.

நட்டஈடு கிடைத்தது. என்னையும் ஓவசியரையும் கம்பனி வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. ஆனாலும் பியோன் என் பக்கம் நடந்துவரும் ஒவ்வொரு தடவையும், வேலைநீக்கக் கடிதம் கொண்டுவருகிறான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு வருசம் அப்படி இருந்து பார்த்தேன். பிறகு ஏலாமல் நானே விலகி, ஒரு அரிசி ஆலையில் சேர்ந்தேன்.