பாமா போட்ட வளையல்

டேபூ என்ற ஆங்கிலச் சொல்லைப் பாமா நடத்தினால் வகுப்பு வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். பெங்களூர் அடுகோடியில் நாங்கள் வேலை பார்க்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் எனக்குப் பக்கத்து அறை அவளுக்கு.

"பசிபிக் கடல்ல டோங்கான்னு தீவுங்க. இருநூத்தம்பது வருஷம் முன்னாடி அங்க போன இங்கிலீஷ் கப்பல்காரங்க கொண்டுவந்த வார்த்தை இது. சட்டம் போட்டுத் தடுக்கறது வேற. சட்டமே இல்லாம ஊரே பயந்து ஒதுங்கினா, அது டேபூ."

ஒரு சனிக்கிழமை யாரோ உதாரணம் கேட்டார்கள். "ஆபீஸ்ல அடுத்தவங்க சம்பளத்தைக் கேக்கறது," என்றாள். எனக்குக் கோபம் வந்தது. கணவர் இறந்து ஆறு வருஷமாக ஒரு கல்யாணத்தில்கூட முன்வரிசையில் உட்காராதவளுக்கு வேறு உதாரணமா கிடைக்கவில்லை?

மறுநாள் ஞாயிறு. ஆனேக்கலில் மாப்பிள்ளை வீட்டில் அவள் மகள் சிந்துவுக்கு வளைகாப்பு. நானும் போனேன். யாரும் சொல்லாமலே பாமா நேராகச் சமையலறைக்குள் புகுந்து எலுமிச்சை சாதம் கிளற ஆரம்பித்தாள்.

கூடத்தில் மாமியார் ரத்தினம்மாள் முதல் வளையலை எடுத்தாள். சிந்து கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எங்கம்மா முதல்ல போடட்டும் அத்தை."



"சுமங்கலிங்க போடறது சிந்து. குழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" ரத்தினம்மாள் கெட்டவளில்லை, பயந்தவள். பக்கத்து வீட்டு அம்மாள் கன்னடத்தில் "பேடா, பேடா", வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அப்ப எனக்கு வளையலே வேணாம்."

எங்கள் சர்ச்சில் இதெல்லாம் கிடையாது என்று பீற்றிக்கொள்பவள் நான். சமையலறைக்குப் போய்ப் பாமாவின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவளைக் கூடத்துக்குத் தள்ளினேன்.

"எனக்கே பயமா இருக்கு மௌரீன்," என்றாள்.

சிந்து கையை நீட்டி அழுதுகொண்டிருந்தாள். அதற்கு மேல் பாமாவால் நிற்க முடியவில்லை. போய்ப் பச்சைக் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். ரத்தினம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எனக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் வகுப்புக்கு முன்னால் பாமா மகளுக்கு ஃபோன் போடுகிறாள். "அசையுதாடி?" பதில் வரும்வரை அவள் முகத்தில் ரத்தமே இருக்காது. பிரசவத்துக்கு இன்னும் நாற்பது நாள். தள்ளிவிட்டவள் நான். அந்தப் பதிலைக் கேட்காமல் நானும் இப்போது வகுப்பை ஆரம்பிப்பதில்லை.