தாலிச் சங்கிலியில் மார்ஃபின் சாவி

பொன்செல்வியின் தாலிச் சங்கிலியில் எப்போதும் இரண்டு ஊக்குகள் தொங்கும். நம்ம பக்கத்துப் பெண்களுக்கு அதுதானே கைப்பெட்டி! முள் எடுக்க, நாடா கோக்க, அறுந்த செருப்பைப் பிணைக்க, எல்லாவற்றுக்கும் கழுத்தில் கைவைத்தால் போதும். அதில் ஓர் ஊக்கில் அவள் மார்ஃபின் என்னும் வலி மருந்து இருக்கும் அலமாரியின் சாவியையே கோத்திருந்தாள்.

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. புற்றுநோய் முற்றியவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் வார்டில் அவள் பொறுப்பு நர்ஸ். மார்ஃபின் அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவளிடம், மற்றது கூட வேலை பார்ப்பவளிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். டூட்டி முடிந்தால் அடுத்து வரும் நர்ஸின் உள்ளங்கையில் சாவியை வைத்துவிட்டுத்தான் வாசல் தாண்ட வேண்டும். சாவியை மேசை டிராயரில் போட்டுவிட்டுத் தேடுகிறவர்களைக் கண்டாலே பொன்செல்விக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கழுத்துல கெடந்தா எங்க தொலையும்?" என்பாள்.

தொலையவில்லைதான். அவளோடு சேர்ந்து பஸ் ஏறிவிட்டது!

அன்று ஞாயிற்றுக்கிழமை. திருச்செந்தூரில் நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. மடி கொடுக்க வேண்டிய தாய்மாமன் வேறு யார், பொன்செல்வியின் புருஷன் செந்தில்முருகன்தான். காலையில் டூட்டி மாற்ற அடுத்த நர்ஸ் மதுமதி வந்தாள். இருவரும் மருந்தைச் சரிபார்த்துப் பூட்டினார்கள். சாவியைக் கழற்றக் கை கழுத்துக்குப் போன நேரம், கடைசிக் கட்டிலில் ஒருவருக்கு மூச்சுத் திணறல். விழுந்தடித்து ஓடினார்கள். அவர் தேறுவதற்குள் கீழே ஆட்டோவில் செந்தில்முருகன் கூப்பாடு போட ஆரம்பித்துவிட்டான். "வாரேன் மது" என்று சொல்லிவிட்டு, பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு பறந்துவிட்டாள். மதுமதிக்கும் அந்த அவசரத்தில் சாவி நினைப்பு இல்லை.

ஆழ்வார்திருநகரியில் பஸ் நிற்கும்போது மதுமதியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, சாவி?"

பொன்செல்வியின் கை நெஞ்சுக்குப் போனது. இருந்தது.

"பலவேசம் தாத்தா கத்துதாருக்கா. வேற ஊசி போட்டும் கேக்கல. மாத்துச்சாவி மேட்ரன் அம்மாட்ட இருக்கு. அவுக நாகர்கோவில்ல கல்யாண வீட்டுல இருக்காக. பூட்ட உடைக்க ஆள் கூப்பிடச் சொல்லிட்டாரு டாக்டர். ஞாயித்துக்கிழம ஒரு ஆசாரியும் கெடைக்கல!"

பலவேசம் ராதாபுரத்துக்காரர். நோய் எலும்பில் இறங்கியிருந்தது. வந்த புதிதில் வலியைச் சொல்ல வெட்கப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். "இந்த வார்டுல நீங்க வலியத் தாங்க வேண்டாம் தாத்தா. வலிச்சா வலிக்குன்னு சொல்லணும். மிச்சம் என் பொறுப்பு" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னவள் பொன்செல்விதான். அந்த மனுஷன் இப்போது துடிக்கிறார், மருந்து இவள் கழுத்தில் பூட்டிக் கிடக்கிறது!

"எதுக்க வார பஸ் கண்டக்டர் நமக்குத் தெரிஞ்ச ஆளுதான். அவர்ட்ட குடுத்து வுடுட்டி" என்றான் செந்தில்முருகன்.

"நல்லாச் சொன்னீங்க போங்க! இது என்ன சோத்துப் போணியா? நர்ஸ் கையிலருந்து நர்ஸ் கைக்குத்தான் போணும். நான் எறங்குதேன்."

"எங்கக்கா என்னையக் கொன்னுருவா!"

"திட்டுனா நான் வாங்கிக்கிடுதேன். நீங்க போயி மடி குடுங்க."

இறங்கிவிட்டாள். எதிரே பஸ்ஸைக் காணோம். வாழைத்தார் ஏற்றிய ஒரு குட்டியானை லோடு வண்டி வந்தது. நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தாள்.

"அண்ணாச்சி, பாளையங்கோட்டை! ஆஸ்பத்திரியில ஒரு உசுரு துடிக்கி!"

டிரைவர் மாரிசெல்வம் மறுபேச்சுப் பேசவில்லை. "ஏறுங்கம்மா" என்றவர் எடுத்தார் பாருங்கள் வண்டியை! கருங்குளம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. செய்துங்கநல்லூரில் ரோட்டை அடைத்துக்கொண்டு ஆட்டுக்கூட்டம். மாரிசெல்வம் தலையை வெளியே நீட்டினார்.

"ஏலே, ஆட்ட ஒதுக்குலே! ஆஸ்பத்திரி வண்டி வருதுல்லா!"

வாழைத்தார் லோடு ஆஸ்பத்திரி வண்டியாம்! ஆடுகளும் ஒதுங்கின, ஆளும் ஒதுங்கினான்.

பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாகப் பொன்செல்வி படியேறி ஓடினாள். அப்போதுதான் வந்து சேர்ந்த ஆசாரி, அலமாரி முன்னால் சுத்தியலை ஓங்கிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க!"

இரண்டு சாவியும் திரும்பின. மருந்தை எடுத்துப் பூட்டினாள். ஊக்கைக் கழற்றிச் சாவியை மதுமதியின் உள்ளங்கையில் அழுத்தி வைத்தாள். மதுமதி ஊசி போட்டாள்.

கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த பலவேசத்தின் விரல்கள் பைய விலகின. பொன்செல்வி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொங்கி வந்த அழுகையை அவளால் அடக்க முடியவில்லை.

"தப்பு என்னுதுதான் தாத்தா. சாவிய மறந்து கொண்டு போயிட்டேன். மேட்ரன் அம்மா வந்ததும் நானே சொல்லப்போறேன்."

"சொன்னா ஒன்ன வேலைய விட்டு நிப்பாட்டிருவாகளா தாயி?"

"தெரியல தாத்தா."

பலவேசம் அவள் பக்கம் தலையைச் சாய்த்து, மதுமதிக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்:

"எங்கிட்ட கேட்டா, எனக்கு வலிக்கவே இல்லன்னு சொல்லிருதேன்."