கொட்டப்படாத பால்

என் மனைவி கிரேஸை அடக்கம்செய்த பின்பு நான் ஜெபிப்பதை விட்டிருந்தேன். அவளுடைய உயிருக்காக மன்றாடினேன், அது அருளப்படவில்லை. இனிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணினேன்.

மலாயாவில், பெக்கோக் என்னும் ஊரை அடுத்த தோட்டமொன்றில், ரப்பர் பாலை உறையவைத்துத் தாளாக்கும் ஆலையின் இரசாயனப் பொறுப்பு என்னுடையது. ரப்பர் விலை வீழ்ந்த அவ்வாண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் டயர் ஆலைகள் ஆட்களை நீக்கின. அங்கே ஓர் இயந்திரம் நின்றால் இங்கே தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயம் காலியாகும். தவக்காலத்தில் எங்கள் ஆலையையும் மூடுவதாகத் தோட்டத்துரை அறிவித்தார். தொழிலாளர் நாகப்பட்டினத்துக்கும் நான் யாழ்ப்பாணத்துக்கும் கப்பலேற வேண்டும். கிரேஸின் கல்லறையோ இங்கே.

ஆராதனை முடிந்ததும், பால்தொட்டியில் வேலைசெய்யும் அன்னம்மாள் என்னிடம் வந்தாள்.

"ஊருல எங்களுக்குன்னு யாரும் இல்லீங்க ஐயா. ஒரு ஜெபம் பண்ணுங்க."

மறுக்க இயலவில்லை. முழங்காலிட்டேன். "இவர்களுக்கு வேலை தாரும்" என்று மட்டும் கேட்டேன்.

சில நாட்களில், ஒரு தொட்டியில் பழைய பால் உறையாமலே கிடக்கக் கண்டு அன்னம்மாளை அழைத்தேன்.

"இதுக்குள்ள என்ன விட்டனீ, பிள்ளை?"

"பாலை உறைய வைக்கிற திராவகம் தீந்துபோச்சுங்க. ஆலையை மூடுறோம்னு புதுசா வாங்கல. பாலைக் கொட்ட மனசு வரல. மரத்துல கிண்ணத்துப் பாலு கெட்டியாகாம இருக்க விடுவோமே அமோனியா, அதையே கூடக் கொஞ்சம் ஊத்தி வச்சேன்."

அவள் கணவன் சூசை சிரித்தான். "பாலையும் நம்மகூடக் கப்பல்ல ஏத்தப் போறா, ஐயா."

அன்று பிற்பகல் இயந்திரங்களை விலைபேசச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தரகர் வந்தார், கீழக்கரைக்காரர். தொட்டியருகே நின்றுவிட்டார்.

"இது எப்ப எடுத்த பாலு?"

"போன கிழமை," என்றேன்.

"இன்னும் உறையலையா? சீமையில கையுறை செய்யிற கம்பெனி ஒண்ணு பாலாவே கேக்குது, ஐயா. டயர்க்காரன் ஆளை நிறுத்துறான். இவன் ஆளைச் சேர்க்குறான்."

அமோனியாவின் அளவை நான் சீர்செய்தேன். பாலின் மாதிரி கப்பலேறியது, பின்னர் கொள்முதல் ஆணை வந்தது. இயந்திரங்கள் விற்கப்பட்டன, ஆட்கள் அனுப்பப்படவில்லை. புகைக்கூடத்தில் ரப்பர் தாளை உலரத் தொங்கவிட்டவர்கள் பீப்பாய் நிரப்பப் பழகினார்கள். பாலைக் கப்பலேற்றுவாள் என்று சிரித்த சூசையே முதல் பீப்பாயை உருட்டிச் சென்றான்.

ஒரு ஜெபம் ஏன் மறுக்கப்பட்டது, மற்றொன்று ஏன் கேட்கப்பட்டது என்பதை நான் அறியேன். அறிந்ததாகச் சொல்லவும் மாட்டேன். ஞாயிறுதோறும் கல்லறைக்குச் செல்கிறேன். செல்லும் வழியில் இப்போது ஜெபிக்கிறேன்.

சகோதரரே, பயனற்றுப் போயிற்று என்று நீங்கள் எண்ணும் ஜெபத்தைக் கொட்டிவிடாதீர்கள். இன்னும் ஒரு நாள் வைத்திருங்கள். அதைக் கேட்டு வருகிறவர் வழியில் இருக்கிறார்.